கேட்டுக்கு அடியில் ஒரு டயாபர்

எங்கள் வீட்டு கேட்டுக்கு அடியில், முழங்கால் ஆழத்தில், என் மகளின் டயாபர் ஒன்று மின்சாரக் கேபிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது அங்கே இருக்கலாமா, கூடாதா?

இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. வெயில் நாளில் இருக்கலாம் என்று தோன்றுகிறது. மழை வந்தால் கூடாது என்று தோன்றுகிறது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தடுப்பூசி போட்ட அன்று அழுதது யாழினியா நானா என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், 'நீங்கள் கொஞ்சம் பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம்' என்று அன்பாகச் சொல்கின்றன. அந்த வாசகர்கள் இந்த வாரத்தைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

காட்சி இதுதான். மத்தியானம். புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் தெரு நாய்கள்கூட நிழலில் ஒண்டிவிட்டன. கேட்டுக்கு முன்னால் ஒரு குழி. குழிக்குள் எலக்ட்ரீஷியன் ஜமால் பாய். குழியின் ஓரத்தில் கையெல்லாம் மைதா மாவோடு என் மாமியார். என் இடது தோளில் ஆறு மாதக் குழந்தை யாழினி, வலது கையில் விரித்த டயாபர். குழிக்குள்ளே ஏதோ ஒன்று நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்ல, முதலில் எங்கள் ஃப்ரீசரைத் திறக்க வேண்டும்.

இறாலுக்கு மேல் தட்டில்

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்ப ஒரு வாரம் இருந்தது. நான் இல்லாத நேரத்தில் யாழினி குடிப்பதற்காக, ஒரு மாதமாகத் தாய்ப்பாலைப் பம்ப் வைத்து எடுத்துச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, தட்டையாகப் படுக்கவைத்து, உறையவைத்திருந்தேன். ஒவ்வொரு பையும் விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் ஆடிக்கொண்டே சேர்த்தது.

முதலில் என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "தாய்ப்பால யாராச்சும் ஐசு பொட்டில வைப்பாங்களா?" என்றார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எதிர்த்துப் பேசியதில்லை, டாக்டர் சொன்னதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு நாள் திறந்து பார்த்தால், அத்தை தன்னுடைய இறால் டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, மேல் தட்டு முழுவதையும் பால் பைகளுக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

என் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மாத்திரை அட்டைகளை நீலச் சாயத் தண்ணீரில் முக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, எந்த மாத்திரையாவது நீலமாகிறதா என்று பார்ப்பேன். ஆனால் அதற்காகச் சம்பளம் பெறும் முன்பே கசிவைத் தேடுவது என் குணம்.

கல்லூரியில் வேதியியல் படித்தபோது செய்முறைத் தேர்வன்று என் டிபன் பாக்ஸிலிருந்து வத்தக்குழம்பு கசிந்து, பையில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டில் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் வயிற்றுப் பக்கத்தைக் காட்டி, "இது எந்த உப்பும்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த மூடியையும் மூன்று முறை திருகிப் பார்க்காமல் நான் நகர்வதில்லை. வேதியியல் படித்ததால் இன்னொரு கஷ்டமும் உண்டு. பயப்படுவதற்கு மற்றவர்களைவிட எனக்கு அதிகக் காரணங்கள் தெரியும்.

ஒரு கடப்பாரை

அன்று காலையில் தெருவில் குழாய் போடத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கேட்டருகே டப்பென்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. வெளியே ஓடிப் பார்த்தால் கடப்பாரை பிடித்தவர் ரொம்ப தூரம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை, அவருக்கு ஒன்றுமில்லை. கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மண்ணுக்குள் வரும் கேபிள்தான் அறுந்திருந்தது. "வயரு ரொம்ப மேலாப்புல வச்சிருக்கீங்கம்மா" என்று எங்களையே குறை சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

லைன்மேன் வந்து கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கினார். "ஆளு வச்சு சேத்து வச்சுட்டு கூப்புடுங்க. அஞ்சு மணி வரைக்கும் இந்தப் பக்கம்தான் இருப்பேன். அதுக்கு மேலன்னா நாளைக்குத்தான்."

நாளைக்கு என்றால் பால் போய்விடும்.

நான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு யாழினியோடு உட்கார்ந்துவிட்டேன். யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் அத்தை வந்தார்.

"நவுரு, இறால எடுத்துக்கறேன்."

"வேணாம் அத்த. தொறந்தா குளிர்ச்சி போயிடும்."

"இறாலு கெட்டுப்பூடுமே."

"பாலு கெட்டுடும் அத்த."

அத்தை சற்று யோசித்தார். இறால் அவருடைய தம்பி கொண்டுவந்து கொடுத்தது. பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா வந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பெரிய ஐஸ் கட்டியை எடுத்து நீட்டினார். அதில் ஒரு சங்கரா மீனின் செதில் மின்னியது.

"இந்தா, இத வச்சு மூடு."

"மீன் வாசன ஏறிடுமோன்னு..."

"ஏறுனா என்னா? நாளைக்கு மீனு தின்னப்போறவதான? இப்பவே பழகட்டும்!"

வேண்டாம் என்றேன். அவர் தெருமுனை திரும்பும்போது குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு பின்னால் ஓடினேன். ஐஸை மூன்று பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஃப்ரீசருக்குள் தள்ளினேன். கதவைத் திறந்ததால் குளிர் போனது அதிகமா, ஐஸால் வந்தது அதிகமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தொலைந்துபோன டேப்

ஜமால் பாய் வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர்கள் இருந்தாலும் அவரே சொல்லிவிடுவார்.

"பயப்படாத தங்கச்சி. டவுன்ல ஒரு சொல்தா ஊடு, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டுப் பென்சன் வாங்குறாரே, அவுரு ஊடு. அங்க நான் போட்ட ஜாயின்ட்டு மூணு பொயலு பாத்துச்சு. ஆடல, அசையல."

கேபிளின் இரண்டு முனைகளையும் சீவி, உலோகக் குழல்களில் நுழைத்து அழுத்தி, கம்பிகளைச் சேர்த்தார். அதுவரை எல்லாம் அழகாகவே நடந்தது. பிறகு, சேர்த்த இடத்தை மூடும் சாமான்கள் இருந்த பெட்டியைத் திறந்தார்.

உள்ளே படகு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு. இரண்டு பாதியாகத் திறக்கும். அதோடு இரண்டு அறை கொண்ட ஒரு தடித்த பை. நடுத்தடுப்பைப் பிதுக்கி உடைத்துப் பிசைந்தால் உள்ளே இருக்கும் இரண்டு திரவங்களும் கலந்துவிடும். அதைத்தான் காம்பவுண்ட் என்கிறார்கள். கேபிளைச் சேர்த்த இடத்தின்மேல் கூட்டை மூடி, மேலே உள்ள வாய் வழியாக இதை ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதற்குப் பிறகு எந்த மழைத் தண்ணீரும் உள்ளே போகாது.

ஒரு சிக்கல். கூட்டின் இரண்டு முனையிலும் கேபிள் நுழைகிற வாய், கேபிளைவிடப் பெரியது. அந்த இடுக்கைப் பிசுபிசுப்பான ஒரு கறுப்பு டேப்பால் சுற்றி அடைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் காம்பவுண்ட் இறுகுவதற்குள் குலோப்ஜாமூன் ஜீரா மாதிரி ஒழுகி மண்ணுக்குள் போய்விடும்.

பாய் பெட்டியைக் கவிழ்த்தார். தட்டினார். சட்டைப் பையைத் தடவினார்.

"என்னா பாய் தேடுற?" என்றார் அத்தை.

"அந்தக் கறுப்பு டேப்புதான்க்கா. எங்க ஊட்டு டேங்க் ஒழுவுச்சு. இதுலேர்ந்து எடுத்துச் சுத்துனேன். வேற வாங்கி வைக்கணும்னு நெனச்சேன்..."

"டேங்கு நின்னுச்சா?"

"எங்க? இன்னும் சொட்டுது."

ஓடிப்போய் வாங்கி வரலாம் என்றால் மணி ஒன்றே கால். புதுச்சேரிக்குப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டவுனில் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலரைக்குத்தான் திறப்பார்கள். பிரெஞ்சுக்காரன் போகும்போது தன் மத்தியானத் தூக்கத்தை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று என் கணவர் சொல்வார். நாலரைக்கு வாங்கி, கொண்டுவந்து, ஊற்றி, இறுகுவதற்குள் லைன்மேன் போய்விடுவார்.

ஆளுக்கொரு அடைப்பு

அப்போது ஆரம்பித்தது யோசனை மாநாடு.

அத்தை: "சோப்ப எடுத்துத் தேச்சு அடைங்க. எங்க மாமா பெட்ரோல் டேங்க் ஓட்டைய அப்பிடித்தான் அடைச்சிக்கிட்டு கடலூரு வரைக்கும் போனாரு."

சென்னையில் வேலையில் இருந்த என் கணவர், தொலைபேசியில்: "மெழுகுவத்திய உருக்கி ஊத்தச் சொல்லு சங்கரி. இப்பதான் ஒரு வீடியோ பாத்தேன்."

"எந்த ஊரு வீடியோ?"

"பாஷ புரியல. ஆனா நல்லா நின்னுச்சு."

பாய் இரண்டையும் கையால் ஒதுக்கினார். "எங்க அண்ணன் பிரியாணி மாஸ்டர், தெரியுமில்ல? அண்டா மூடியச் சுத்தி மைதா மாவு ஒட்டித் தம் போட்டா, ஆவி கூட வெளிய வராது. ஆவியே வராதுன்னா இது எப்பிடி வரும்? அக்கா, ஒரு கை மாவு பெசைங்க."

அத்தை சந்தோஷமாகச் சமையலறைக்குள் போனார். தன் வீட்டு மாவு மின்சார வேலைக்குப் போவது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

காம்பவுண்ட் பையின்மேல் ஈரம் படக்கூடாது என்று அச்சடித்திருந்தது. இந்த வகைத் திரவத்தில் தண்ணீர் சேர்ந்தால் வாயு கிளம்பி நுரைக்கும் என்று படித்த ஞாபகம். ஆனால் இது அந்த வகைதானா? நான் படித்தது சரியாக நினைவில் இருக்கிறதா? பிரசவத்துக்குப் பிறகு வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்பதே எனக்கு நினைவிருப்பதில்லை.

"பாய், மாவுல தண்ணி இருக்குது. காம்பவுண்டுல தண்ணி பட்டா நுரைக்கும்."

"பிரியாணிலயும்தான் தண்ணி இருக்குது தங்கச்சி."

இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொன்னேன். அதை யாழினி மட்டும் கேட்டாள்.

பொங்கியது

தன்னிடம் மிச்சமிருந்த சாதாரண டேப் முழுவதையும் பாய் ஒரு முனையில் சுற்றித் தீர்த்தார். மறுமுனைக்கு மைதா. பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு பையைப் பிசைந்து, நுனியை வெட்டி, ஊற்ற ஆரம்பித்தார். பழுப்பு நிறத் திரவம் மெதுவாக இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது. நான் தப்பாகப் பயந்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிமிடம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து யாழினி நனைத்துவிட்டாள். உள்ளே போய்ப் புது டயாபரை எடுத்து விரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். குழியைப் பார்க்காமல் ஒரு டயாபர்கூட மாற்ற முடியாதா என்று கேட்காதீர்கள். முடியாது.

மைதா முனையில் சின்னச் சின்னக் குமிழிகள். பிறகு பெரிய குமிழிகள். புளித்த இட்லி மாவு மாதிரி உப்பி எழுந்தது.

"பொங்குது பாய்!"

"பொங்கட்டும், நல்லதுதான்" என்று அத்தை பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கன்னத்தில் மாவு ஒட்டியது.

மைதா வளையம் ஒரு பக்கம் தொங்கி, தொப்பென்று விழுந்தது. காம்பவுண்ட் கயிறு மாதிரி ஒழுக ஆரம்பித்தது.

"ஐயோ, போச்சே! துணி எதனா குடுங்க! சீக்கிரம்!" என்று பாய் பையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். இன்னொரு கையால் ஒழுகும் இடத்தைப் பொத்தியிருந்தார். அத்தை முந்தானையை உருவப் போனார்.

நான் யாழினியை அத்தையின் இடுப்பில் திணித்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். பெட்டியில் கிடந்த இன்னொரு ஜோடிக் கையுறையை மாட்டினேன். நுரைத்த மாவை வழித்து எறிந்தேன். டயாபரைக் கேபிளுக்கு அடியில் கொடுத்து, கூட்டின் முனையையும் சேர்த்துச் சுற்றினேன். ஒட்டும் பட்டை இடதும் வலதுமாகப் பட்டென்று ஒட்டியது. ஆறு மாதமாக இருட்டில், தூக்கத்தில், காலை உதைக்கிற ஒருத்திக்கு நான் கட்டிக்கொண்டிருப்பதுதானே. கேபிள் உதைக்கவில்லை. அந்த அளவுக்கு அது நல்ல குழந்தை.

"லூசா உடாத தங்கச்சி!" என்றார் பாய். அவருக்கு நாலு பிள்ளைகள். "தொடைப் பக்கம் ஒழுவும். அந்த எலாஸ்டிக்க உள்ள மடக்கு. ஆங், அப்பிடி!"

மடக்கினேன். ஒழுகல் நின்றது.

மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு தொங்கியது, யோசித்தது, அப்படியே இறுகிப்போனது. பாய் பையில் இருந்த மிச்சத்தையும் மேல் வாய் வழியாக ஊற்றினார். விளிம்பு வரை வரவில்லை. ஒரு விரல் அகலம் குறைந்தது.

"கம்பி முழுசா முழுவியிருக்குதா பாய்?"

"முழுவியிருக்குது."

"நல்லா பாத்தீங்களா?"

"சத்தியமா முழுவியிருக்குது. நீ போய் புள்ளைக்கு வேற ஒண்ணு கட்டு."

அந்த ஒரு விரல் அகலம்தான் இன்றுவரை என் தூக்கத்தில் இருக்கிறது.

கோணிக்குக் கீழே

காம்பவுண்ட் கல்லானதும் பாய் ஒரு மீட்டரை வைத்துச் சோதித்தார். முள் நல்ல பக்கமே போனதாகச் சொன்னார். நாலரைக்கு லைன்மேன் சைக்கிளில் வந்தார். அவர் குழியை எட்டிப் பார்ப்பதற்குள் பாய் ஒரு கோணியைத் தூக்கி அதன்மேல் போட்டுவிட்டார்.

"முடிஞ்சுதா பாய்? என்னா வெள்ளையா தெரிஞ்சுது?"

"புது மாடலு" என்றார் பாய்.

லைன்மேன் அதற்குமேல் கேட்கவில்லை. ஃபியூஸைப் போட்டார். வீட்டுக்குள்ளிருந்து ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்டது. எனக்கு அது கோயில் மணி மாதிரி இருந்தது.

ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தேன். ஓரத்தில் இருந்த பைகள் இளகி, நடுவில் கட்டி நின்றன. உள்ளே இருந்தவை கல். முன்வரிசையில் ஒரே ஒரு பை முழுவதும் உருகியிருந்தது. அதை முகர்ந்தேன். பால் வாசனை. மறுபடி முகர்ந்தேன். லேசாகச் சங்கரா மீன்? அத்தையிடம் நீட்டினேன்.

"ஒரு வாசனயும் இல்ல. கொண்டா இப்பிடி" என்று வாங்கி, வெந்நீரில் நிறுத்தி, குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் ஊற்றினார்.

இதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை: அந்த ஒரு மாதமும் எனக்கு இருந்த பெரிய பயம் பால் கெடுவது அல்ல. யாழினி என்னிடம் தவிர வேறு எதிலும் குடிக்கமாட்டாளோ என்பதுதான். இரண்டு முறை புட்டியைத் துப்பியிருந்தாள். வேலையை விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்கக்கூடச் சொற்களைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அத்தை மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கை அவள் உதட்டோரம் வைத்தார். யாழினி ஒரு நொடி முறைத்தாள். பிறகு சர்ரென்று உறிஞ்சினாள். கண்ணை என்மேலேயே வைத்துக்கொண்டு, நான் இல்லாமல் குடித்தாள். எனக்கு சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. வாயோரத்தில் பால் வழிந்து கழுத்து மடிப்புக்குள் போனது.

"அத்த, ஒழுவுது."

"ஒழுவட்டும் உடு" என்றார் அத்தை, விரலால் துடைத்துக்கொண்டே. "உள்ள போனது போதும்."

மழைக்குப் பிறகு

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாத்திரை அட்டைகளை நீலத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே வானம் இருண்டால் வீட்டுக்குப் போன் செய்கிறேன். "பாப்பா குடிச்சாளா?" என்பது முதல் கேள்வி. "கேட்டாண்ட தண்ணி நிக்குதா?" என்பது இரண்டாவது. போன வாரம் கணுக்கால் அளவு நின்றதாம். பல்பு சிமிட்டக்கூட இல்லையாம். சரியான டேப் வாங்கி, புதுக் கூடு போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்று பாயிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "நிக்கறத எதுக்குத் தங்கச்சி கலைக்கணும்?" என்கிறார். கணவரும் அதையே சொல்கிறார். அத்தைக்கு ஒரே வருத்தம், தன் மைதா நிற்காததுதான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் ஜமால் பாயிடமிருந்து போன் வந்தது. பின்னால் கடப்பாரைச் சத்தமும், யாரோ ஒரு பெண்மணி கவலையோடு கேள்வி கேட்பதும் காதில் விழுந்தன.

"தங்கச்சி, ஒரு அவசரம். கடையெல்லாம் சாத்திட்டான். அன்னிக்கு நீ கட்டுனது மீடியமா, லார்ஜா?"

"பாய், டேப் வாங்கி வைக்கலையா?"

"அத விடு. மீடியமா, லார்ஜா? இது கொஞ்சம் பெரிய கேபிளு."

மீட்டிங் இருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு விட்டுவிட்டு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. நாலரைக்கு நின்றுவிட்டது. கடை திறந்துவிட்டதாலா, வேறு யாரிடமாவது அளவு கேட்டுத் தெரிந்துகொண்டாரா, தெரியவில்லை.

வாசகர்களில் மின்சார வேலை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். குழந்தை வளர்த்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். எங்கள் வாசலைத் தோண்டச் சொல்லட்டுமா, அப்படியே விடட்டுமா? அடுத்த முறை பாய் கேட்டால் அளவைச் சொல்வதா, கூடாதா? இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த வீட்டுக் காம்பவுண்ட் எதிலோ ஒன்றில் இறுகியிருக்கும். ஆனாலும் எழுதுங்கள். அவர் மறுபடியும் கூப்பிடுவார். டேப் வாங்கி வைக்கமாட்டார்.